47 வயதில் ஹார்மோன் மாத்திரை: போடலாமா, வேண்டாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இது: உங்களுக்கு 47 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. கர்ப்பப்பையை எடுக்கவில்லை. இரவில் நான்கைந்து தடவை உடம்பு முழுக்க அனல் அடித்து, ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்த்து எழுந்துவிடுகிறீர்கள். பகலில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே முகம் குப்பென்று கொதிக்கிறது. மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டு இன்னும் பையிலேயே கிடக்கிறது. ‘அதைப் போட்டால் மார்பில் புற்றுநோய் வரும்’ என்று அக்கா தடுக்கிறார். அப்பாவின் தங்கைக்கு 62 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததால் அந்தப் பேச்சை உங்களால் தள்ளிவிட முடியவில்லை. இதற்கு நடுவில், அமெரிக்காவில் இந்த மருந்துகள் மேலிருந்த எச்சரிக்கையையே எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ பார்த்திருக்கிறீர்கள். ‘பாதுகாப்பானதா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: இந்த வயதில், இந்தக் குடும்ப வரலாற்றோடு இருக்கும் எனக்கு, இந்த மருந்து தரும் நிம்மதி அது கொண்டுவரக்கூடிய கெடுதலுக்கு ஈடாகுமா? இதற்குப் பதில் சொல்லலாம். பெண்கள் நல மருத்துவராக ஒரு சிறு நகரத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆனால் உங்களை நான் பரிசோதிக்கவில்லை. பிபி எவ்வளவு, சுகர் உண்டா, எடை என்ன, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்ததுண்டா என்று எதுவும் உங்கள் கேள்வியில் இல்லை. ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுபடி உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தெரிந்து வைத்திருக்க வேண்டிய விவரம் என்று நினைத்துப் படியுங்கள்.

முதலில் சீட்டில் என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் ‘ஹார்மோன் மாத்திரை’ என்றால் பத்து அர்த்தம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிற நார்எத்திஸ்டிரோனும் ஹார்மோன் மாத்திரைதான். தைராய்டு மாத்திரையும் அதுதான். கருத்தடை மாத்திரையும் அதுதான். ‘ஹார்மோன் மாத்திரை போட்டுத்தான் குண்டானேன்’ என்று யாராவது சொன்னால், பழைய சீட்டை வாங்கிப் பார்க்காமல் நான் மேலே பேசுவதில்லை. மாதவிடாய் நின்றபின் தரும் சிகிச்சையில் வேலை செய்வது ஈஸ்ட்ரோஜன். சினைப்பை சுரப்பதை நிறுத்திக்கொண்ட அந்த ஹார்மோனைச் சிறிய அளவில் திருப்பிக் கொடுக்கிறோம். அனலும் வியர்வையும் அடங்குவது அதனால்தான். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அதோடு புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் சேர்த்தே ஆக வேண்டும்.

ஏன் என்றால், ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். 1975இல் அமெரிக்காவில் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. தனி ஈஸ்ட்ரோஜன் போட்டுவந்த பெண்களிடம் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகமாக இருந்ததை இரண்டுமே காட்டின. பிறகு பெப்பி என்ற பரிசோதனையில் மூன்று வருடம் தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உட்சுவர் கவலைப்படும்படி மாறியிருந்தது. புரோஜெஸ்ட்ரோன் சேர்த்தவர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. என்னிடம் ஒரு அம்மா வந்தார். இரண்டு மாத்திரையில் ஒன்றைப் போட்டால் தூக்கமாக வருகிறது என்று அதை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் ஒன்றரை வருடம் போட்டிருக்கிறார். விட்டது புரோஜெஸ்ட்ரோன். உதிரப்போக்கோடுதான் வந்தார். நல்லவேளை, பயாப்சியில் புற்று இல்லை. உங்கள் சீட்டில் ஈஸ்ட்ராடயால் (அதுவும் ஈஸ்ட்ரோஜன்தான்) மட்டும் இருந்தால், போடுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சரி, அக்காவின் பயத்துக்கு வருவோம். அந்தப் பயத்துக்கு ஒரு தேதியே உண்டு: 2002 ஜூலை 9. பெண்கள் நலத்துக்காக அமெரிக்க அரசு நடத்திய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மிகப்பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்துகிறோம் என்று அன்று அறிவித்தார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. அந்த ஈஸ்ட்ரோஜன் சினையாக இருக்கும் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுப்பது. அமெரிக்காவில் 1942 முதல் விற்பனையில் இருந்த மருந்து. சராசரியாக 5.2 வருடம் கவனித்தபின், மார்பகப் புற்றுநோய் கூடுகிறது, மொத்தத்தில் நன்மையைவிடக் கெடுதல் மிஞ்சுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். ‘26 சதவீதம் அதிகம்’ என்ற எண் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாயிற்று. இன்றைக்கும் உங்கள் அக்கா வாயிலிருந்து வருவது அந்தத் தலைப்புச் செய்திதான்.

26 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் எதில் 26 சதவீதம் என்று கேட்க வேண்டும். வெறும் மாத்திரை போட்ட 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் போட்ட 10,000 பேரில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். அதையே இப்படியும் சொல்லலாம்: ஆயிரம் பெண்கள் ஐந்து வருடம் போட்டால் நான்கு பேருக்குக் கூடுதலாக வரும். அதே 10,000 பேர் கணக்கில் வருடத்துக்கு மாரடைப்பு வகை நிகழ்வுகள் ஏழும், பக்கவாதம் எட்டும், நுரையீரலில் இரத்தக்கட்டு எட்டும் கூடின. இடுப்பெலும்பு முறிவு ஐந்தும், பெருங்குடல் புற்றுநோய் ஆறும் குறைந்தன. இறந்தவர்கள் எண்ணிக்கையில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. இதையும், பின்னால் சொல்லப்போகும் இன்னொரு பகுதியையும் சேர்த்துப் பதினெட்டு வருடம் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட கணக்கிலும் அப்படியே: ஹார்மோன் எடுத்தவர்களில் 27.1 சதவீதம், எடுக்காதவர்களில் 27.6 சதவீதம் இறந்திருந்தார்கள்.

அந்த நான்கு பேரைச் சிறிய எண் என்று நான் சொல்ல மாட்டேன்; நான்கில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு எண். ஆனால் அந்த ஆய்வில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயது வரை. சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பலருக்கு மாதவிடாய் நின்று பத்து, பதினைந்து வருடம் ஆகியிருந்தது. வயதானபின் வரும் நோய்களை, முக்கியமாக இதய நோயை, இந்த மருந்து தடுக்குமா என்று பார்க்கத்தான் அந்த ஆய்வு நடந்தது. அனல் அடித்துத் தூக்கம் கெட்ட 47 வயது ஆசிரியைக்கு இதைக் கொடுக்கலாமா என்பது அங்கே யாருடைய கேள்வியும் இல்லை.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. அந்தச் செய்தி வந்தபின் பல வருடம், கேட்டு வந்தவர்களை எல்லாம் ‘இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள், தானாகப் போய்விடும்’ என்று அனுப்பினேன். அது தப்பு. பின்னால் அமெரிக்காவில் ஸ்வான் என்ற நீண்டகால ஆய்வில் கணக்கெடுத்தார்கள்: அடிக்கடி அனல் அடிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தது. இரண்டு வருடம் என்று நான் எதை வைத்துச் சொன்னேன் என்று யோசித்தால், எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் இன்னொரு பகுதியை யாரும் தலைப்பாகப் போடவில்லை. கர்ப்பப்பை எடுத்துவிட்ட 10,739 பெண்களில் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தார்கள். 2004இல் அதையும் நிறுத்தினார்கள், ஆனால் பக்கவாதம் கூடியது என்பதற்காக. மார்பகப் புற்றுநோய் அங்கே கூடவில்லை. கொஞ்சம் குறைந்துகூட இருந்தது. இருபது வருடத் தொடர் கவனிப்பை 2020இல் வெளியிட்டபோது அந்தக் குறைவு உறுதியாயிற்று. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களும் குறைவு. ஆகவே மார்பகத்தைப் பொறுத்தவரை அதிகச் சந்தேகம் புரோஜெஸ்ட்ரோன் பக்கம்தான் சாய்கிறது.

இதோடு நிறுத்தினால் நான் ஒருபக்கம் பேசியதாகிவிடும். 2019இல் உலகெங்கும் இருந்து சேர்த்த தகவல்களை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லான்செட் இதழில் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கு இன்னும் கடுமையானது. ஐம்பது வயதில் தொடங்கி ஐந்து வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுத்தால், அடுத்த இருபது வருடத்தில் ஐம்பது பேருக்கு ஒருவர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாவார். தனி ஈஸ்ட்ரோஜனுக்கு அது இருநூறு பேருக்கு ஒருவர். நிறுத்திய பிறகும் ஆபத்தில் ஒரு பகுதி பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறது என்றும் சொன்னார்கள். தனி ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில் இரண்டு தரப்பும் எதிரெதிராக நிற்பதைக் கவனியுங்கள். முந்தையது யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கிப் போட்டுப் பிரித்த பரிசோதனை, இது பெரும்பாலும் தாங்களாகவே மருந்து எடுத்தவர்களைக் கவனித்தது. எனக்கு முதலாவதன் மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் இரண்டு ஹார்மோன் சேர்ந்தால் மார்பக ஆபத்து கூடும், வருடம் ஏற ஏற அதுவும் ஏறும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். கர்ப்பப்பை உள்ள உங்களுக்குப் பொருந்துவது அந்தப் பகுதி.

இந்த எண்கள் எல்லாம் பெரும்பாலும் மேற்கு நாட்டுப் பெண்களுடையவை. இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வரும் வீதம் பிரிட்டனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சென்னை போன்ற நகரங்களில் கிராமங்களைவிட அதிகம். அடிப்படை எண் சின்னது என்றால் அதன் மேல் ஏறுகிற கூடுதலும் சின்னதாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அளவில் நம் பெண்களை வைத்து ஒரு பரிசோதனை நடக்கவில்லை. இதயத்தில் கதை தலைகீழ். நம்மவர்களுக்கு சுகரும் மாரடைப்பும் மேற்கத்தியரைவிடச் சீக்கிரம் வருகின்றன. இயற்கையான மாதவிடாய் நிறுத்தமும் நமக்குச் சுமார் 46, 47இல் வந்துவிடுகிறது, அங்கே 51. ஆகவே ‘அமெரிக்கப் பெண்ணுக்குப் பரவாயில்லை என்றால் எனக்கும் பரவாயில்லை’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மார்பகத்தில் கொஞ்சம் தைரியம், இதயத்திலும் இரத்தக் குழாயிலும் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை என்பதுதான் என் வழக்கம்.

வயது பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு இதய ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. தள்ளித் தொடங்குபவர்களுக்குத்தான் கூடுகிறது. இரத்தக் குழாய் இன்னும் சுத்தமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் நல்லது செய்கிறது, ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாயில் கெடுதல் செய்கிறது என்பது அதற்குச் சொல்லும் விளக்கம். அதை முழுக்க நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பது நிச்சயம்: 1998இல் வெளியான ஹெர்ஸ் பரிசோதனையில் இதய நோயுள்ள 2,763 பெண்களுக்கு இதனால் பயன் இல்லை, முதல் வருடத்தில் நிகழ்வுகள் கூடவே செய்தன. 65 வயதுக்கு மேல் இரண்டு ஹார்மோனையும் சேர்த்துத் தொடங்கியவர்களுக்கு மறதி நோய் இரட்டிப்பானது. அப்புறம், இதயத்தைக் காக்கவோ ஞாபக சக்தியை வளர்க்கவோ இளமையாக இருக்கவோ இதைப் போடச் சொல்லி யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருந்தை எந்த வழியாக எடுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். வாய் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் நேராகக் கல்லீரலுக்குப் போய் இரத்தம் உறையும் பொருள்களைக் கூட்டுகிறது. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டும் பட்டையும் அந்த வழியில் போவதில்லை. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்விலும் பின்னர் பிரிட்டனில் பெரிய அளவில் பார்த்ததிலும், தோல் வழியாக எடுத்தவர்களுக்கு இரத்தக்கட்டு கூடவில்லை. குலுக்கிப் போட்டு இதைச் சோதிக்கவில்லை என்றாலும், உடம்புக்குள் நடப்பதும் ஆய்வில் கண்டதும் ஒத்துப் போகின்றன. அதனால் உடல் பருமன், பிபி, சுகர், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு நான் ஜெல்லைத்தான் முதலில் யோசிப்பேன். புரோஜெஸ்ட்ரோனில் மைக்ரோனைஸ்டு என்று எழுதியிருப்பது உடம்பு சுரப்பதைப் போன்றதே. பழைய செயற்கை வகைகளைவிட மார்பகத்துக்கு மென்மையானது என்று ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. இதை நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் மற்ற வகையில் குறை இல்லாததால் அதையே எழுதுகிறேன். இரவில் படுக்கும்போது போட்டால் தூக்கமும் கொஞ்சம் நன்றாக வரும்.

நன்மைப் பக்கத்தில் எது உறுதி? அனலுக்கும் வியர்வைக்கும் இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் மாத்திரை போட்டவர்களோடு ஒப்பிட்டால் அனல் அடிக்கும் எண்ணிக்கை முக்கால்வாசி குறைகிறது. இதில் வேடிக்கை ஒன்று: அதே பரிசோதனைகளில் வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. எந்தப் பொடியைப் போட்டாலும் பல பேர் ‘எனக்குக் கேட்டது’ என்று சாட்சி சொல்வது இதனால்தான். எலும்புத் தேய்மானமும் முறிவும் குறைவது உறுதி. பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் கேட்கும். ஆனால் இவை மட்டும் இருந்தால் மாத்திரையே தேவையில்லை, உள்ளே வைக்கும் கிரீம் போதும். அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு வருடக்கணக்கில் சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவர்கள் மேல் இல்லை.

உங்கள் கேள்வியிலிருந்து கொஞ்சம் விலகி ஒன்று. நான் அதிகம் வருந்துவது உங்களைப் போன்றவர்களுக்காக இல்லை. 35 வயதில் ‘அதிகமாகப் போகிறது’ என்று கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டு, ஒரு மருந்தும் தராமல் அனுப்பப்பட்டவர்களுக்காக. அவர்களுக்கு நேற்று வரை சுரந்த ஹார்மோன் இன்று காலையில் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னதாகவே எலும்பும் இரத்தக் குழாயும் மூப்படையத் தொடங்குகின்றன. நாற்பதுக்கு முன் தானாகவே மாதவிடாய் நின்றுவிடும் நூற்றில் ஒருவருக்கும் இதே நிலைமைதான். மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயற்கையாக நின்றிருக்கும் வயது வரையாவது இவர்கள் ஹார்மோன் எடுக்க வேண்டும் என்பதில் உலகம் முழுக்க மருத்துவர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 63 வயதுக்காரர்களிடம் எடுத்த எண்ணை இவர்களிடம் காட்டிப் பயமுறுத்துவது கொடுமை. 50 வயதுக்கு மேல் ஹார்மோன் போடுவது கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பது. 36 வயதில் போடுவது பறிபோனதைத் திருப்பிக் கொடுப்பது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

சரி, யாருக்குக் கூடாது? மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கூடாது. ஸ்வீடனில் அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையை நோய் திரும்ப வருகிறது என்று நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கவாதம், மாரடைப்பு, காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்சி. ஹார்மோன் பேச்சு அதற்கப்புறம்தான்.

உங்கள் அத்தை விஷயம். அப்பா வழியில் ஒரே ஒருவருக்கு, அதுவும் 62 வயதில் வந்தது என்றால், உங்கள் ஆபத்து சற்றுக் கூடும், ஆனால் அது மட்டுமே ஹார்மோனுக்குத் தடை ஆகாது. அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ ஐம்பதுக்குள் வந்திருந்தால், குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால், அல்லது யாருக்காவது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் கதை வேறு. முதலில் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். அப்பா வழியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நம்மிடம் சகஜம். மரபணுவுக்கு அம்மா வழி, அப்பா வழி என்ற பேதம் கிடையாது.

அந்த வீடியோ சொன்னது பாதி உண்மை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் பற்றிக் கட்டம் கட்டிப் போட்டிருந்த பெரிய எச்சரிக்கையை எடுக்கப் போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை தனி ஈஸ்ட்ரோஜனுக்கு அப்படியே இருக்கும் என்றும் சொன்னது. அதற்காகப் புதிதாக ஒரு பெரிய பரிசோதனை நடந்து எல்லாம் மாறிவிடவில்லை. பழைய எண்களை வயது பிரித்துப் படித்ததன் விளைவு. உள்ளே வைக்கும் கிரீமில்கூட அந்தக் கட்டம் இருந்தது அபத்தம்தான், அது போனதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் எச்சரிக்கை போனதால் ஆயிரத்தில் நான்கு பேர் பூஜ்யமாகிவிடவில்லை.

இனி உங்களுக்கு. என் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் முதலில் பிபி, எடை, சுகர், கொழுப்பு, தைராய்டு பார்ப்பேன். தைராய்டு அதிகமானாலும் இப்படித்தான் வியர்க்கும். இரவு வியர்வையோடு எடை குறைந்தால், மாலையில் காய்ச்சல் வந்தால், நம் ஊரில் காசநோயையும் நினைக்க வேண்டும். மேமோகிராம் கட்டாயம். கர்ப்பப்பை ஸ்கேன் ஒன்று. இவை எல்லாம் சரியாக இருந்து, நீங்கள் சொல்கிற அளவுக்குத் தூக்கம் கெட்டிருந்தால், நான் கொடுப்பேன். 47 வயதும், நின்று ஒன்றரை வருடமும் என்பது நன்மைப் பக்கம் தட்டு தாழ்கிற இடம். ஜெல்லாகவோ குறைந்த அளவு மாத்திரையாகவோ ஈஸ்ட்ராடயால், கூட இரவில் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்ட்ரோன். ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்வேன். அதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் மூன்று மாதம் லேசாக உதிரம் பட்டால் பயப்பட வேண்டாம்; ஆறு மாதம் தாண்டியும் பட்டால் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து ‘இன்னும் வேண்டுமா?’ என்று கேட்போம். இத்தனை வருடத்தில் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. ஆனால் இரண்டு ஹார்மோன் எடுப்பவர்களிடம் ஐந்து வருடம் நெருங்கும்போது நான் குறைத்துப் பார்க்கச் சொல்வேன்.

சொல்ல மறக்கிற ஒன்று: ஐம்பது வயதுக்குள் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம் கருத்தடை தேவை. இந்த மருந்து கருத்தடை இல்லை. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி.

எல்லாம் கேட்டபின்னும் மனம் ஒப்பவில்லை என்றால் அதுவும் சரியான முடிவுதான். தினமும் பயந்துகொண்டே ஒரு மாத்திரை விழுங்குவதில் என்ன நிம்மதி? ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு: வென்லாஃபாக்சின் சிறு அளவில், அல்லது இரவில் கபாபென்டின், அனலை ஓரளவு குறைக்கும். ஹார்மோன் அளவுக்கு இல்லை. பாராக்செட்டினும் கேட்கும், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது, அந்த மருந்தின் வேலையை அது கெடுக்கும். எடை அதிகமாக இருந்தால் குறைப்பது உதவும். உளுந்தங்களியையும் எள்ளுருண்டையையும் விட வேண்டாம், நல்ல சாப்பாடு. ஆனால் அனலை அது நிறுத்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சோயா மாத்திரைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடிக்கும் இருக்கும் ஆதாரம், மேலே சொன்ன வெறும் மாத்திரைக் கணக்கைத் தாண்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தையின் பழைய பயாப்சி அறிக்கை யார் வீட்டு பீரோவிலாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மார்பில் கட்டி’ என்று குடும்பத்தில் சொல்வது சில நேரம் புற்றாகவே இருந்திருக்காது.